சிறு நிலத்தில் மான் வளர்ப்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் மூன்று ஏக்கர் நிலத்தில் ருசா தீமோர் வகை மான்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். செபராங் பிறையிலும் கூலிமிலும் புதிதாக மான் வாங்கியவர்கள் பெரும்பாலும் மாலை வேளையில் அழைப்பார்கள். "அண்ணே, தீனி எல்லாம் மாத்திப் பார்த்துட்டேன், ஒண்ணுகூட வெளியே வரல" என்றுதான் பேச்சு தொடங்கும். பத்து அழைப்புகளில் ஏழெட்டு ஒரே மாதிரியான கோளாறுகளாக இருப்பதாலும், ஒவ்வொரு முறையும் மருந்துக்கடைக்குப் போன பிறகே என்னிடம் வருவதாலும், நான் சோதித்துப் பார்க்கும் வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வரும், பணம் கேட்கும் வேலை பின்னால் வரும். எந்தக் கட்டத்தில் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

இவை யாவும் முறையான தாள்களோடு வாங்கிய பண்ணை மான்களுக்கு மட்டுமே பொருந்தும். காட்டிலிருந்து வரும் சாம்பார் மானையோ கீஜாங் எனும் குரைக்கும் மானையோ உப்புக்கட்டி வைத்து இழுத்து வேலிக்குள் அடைப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். நிலம் தயார் செய்யும் முன்பே பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறை அலுவலகத்திலும் மாவட்டக் கால்நடைத் துறை அலுவலகத்திலும் நேரில் கேட்டு, எந்த வகைக்கு எந்த உரிமம் வேண்டும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: மான்கள் புதரை விட்டு வெளியே வருவதில்லை, தீனித்தொட்டிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை

அடிக்கடி வரும் புகார் இதுதான். தீனியில் கோளாறு என்று எண்ணிப் பணத்தை வீணாக்குவதும் இதில்தான் அதிகம். தீனியை மாற்றும் முன் ஓர் இரவுச் சோதனை செய்யுங்கள். தொட்டியைச் சுற்றி நான்கடி அகலத்துக்கு ஆற்று மணலைப் பரப்பி, பலகையால் மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்குத் தீனியைப் போட்டுவிட்டு, விடியும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். காலையில் மணல் சொல்லிவிடும்.

*மணலில் குளம்புத் தடம் இருந்தால்*

மான் நலமாக இருக்கிறது, பசியும் இருக்கிறது, பகலில் வர அஞ்சுகிறது. அந்த அச்சத்தின் காரணத்தைத் தேடுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: புதிய வேலையாள், புதிய நாய், பக்கத்துத் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரம், மருந்து அடிப்பவர்கள், வார இறுதியில் வந்து போன உறவினர் கூட்டம். எனக்கு ஒருமுறை மூன்று வாரம் பிடிபடாமல் இருந்த காரணம், வேலிக்கு வெளியே துணி காயப்போட யாரோ கட்டிய கயிறு. காற்றடிக்கும்போதெல்லாம் அதில் தொங்கிய வெள்ளை வேட்டி படபடத்தது, மான்களுக்கு அது போதுமாக இருந்தது. கயிற்றை அவிழ்த்த நான்காம் நாள் அவை வெளியே வந்தன.

காரணத்தை நீக்கிய பிறகு ஒரே ஆள், ஒரே உடை, ஒரே நேரம் என்று இரண்டு வாரம் பழக்குங்கள். தீனி வாளியைத் தட்டும் ஓசையும் ஒரே மாதிரி இருக்கட்டும். மான் பழகிய பிறகும், தொட்டியருகே நின்று கைப்பேசியில் படம் எடுக்க விருந்தினரை அழைத்து வருவதை இன்னும் ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள்.

*மணல் மாறாமல் இருந்தால்*

தொட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். வேலி மூலையில் தொட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நமக்குத் தீனி போட அது வசதி, ஆனால் தப்பி ஓட வழியில்லாத மூலைக்குள் மான் தலையை விடாது. புதர் ஓரத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, குறைந்தது இரண்டு பக்கம் ஓட்டத்துக்குத் திறந்திருக்கும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள்.

அடுத்தது நிழல். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை வெட்டவெளியில் மான் நிற்காது. தொட்டிக்கு மேல் ஜிங் தகரம் போட்டால் வெயிலில் அது அடுப்பாகிவிடும், மழையில் இடிபோல் முழங்கும். கறுப்பு நிழல்வலையோ அத்தாப்பு ஓலையோ போதும். நிழலுக்கு மூங்கிலும் வேலி ஓரம் மல்பெரிச் செடியும் வைத்தால், மறைப்பும் தழையும் சேர்ந்து கிடைக்கும். நட்ட கன்றுகளை ஓராண்டாவது வலை போட்டுக் காக்காவிட்டால் குச்சிதான் மிஞ்சும்.

பிறகு ஆண்மானைக் கவனியுங்கள். ஒரே தொட்டி, ஒரே கொம்பன் என்றால் மற்றவை பட்டினிதான். தொட்டியை அது காவல் காக்கிறதா என்பதைத் தொலைவிலிருந்து அரை மணி நேரம் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படியானால் மந்தைக்கு இரண்டு மூன்று தொட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி புதரை இடையில் விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகே தீனியைச் சந்தேகிக்க வேண்டும். செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மூட்டையில் கையை முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். காறல் வாடை, கட்டி கட்டியாக ஒட்டுதல், நீலம் பாய்ந்த பூஞ்சை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மூட்டையைக் கழித்துவிட வேண்டும், வெயிலில் காயவைத்து மறுபடி போடக் கூடாது.

*மருத்துவரை அழைக்க வேண்டிய கட்டம்:* மந்தை முழுவதும் ஒளிந்திருப்பதைவிட, ஒரே ஒரு மான் மட்டும் தனியாக, காது தொங்கி, ஆள் அருகே வந்தும் விலகாமல் நிற்பதுதான் கவலைக்குரியது. பொறுத்துப் பார்க்காமல் அன்றே அழையுங்கள்.

அறிகுறி 2: வேலியில் மோதுகின்றன, அல்லது வெளியே போய்விடுகின்றன

வேலியைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து வாருங்கள். கம்பி முடிச்சுகளில் பழுப்பு மயிர் சிக்கியிருக்கும் உயரத்தைக் கவனியுங்கள். நெஞ்சளவில் மயிர் இருந்தால் மோதியிருக்கின்றன, முழங்காலுக்குக் கீழே இருந்தால் நுழைந்து போகப் பார்த்திருக்கின்றன. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

*நெஞ்சளவில் மயிர் இருந்தால்*

ஓடிவரும் மானின் கண்ணுக்குப் புதுக் கம்பி தெரிவதில்லை. பழைய கோணிப்பையைக் கிழித்து மூன்றடிக்கு ஒன்றாகக் கட்டுங்கள். அது மலிவான, உடனே பலன் தரும் வேலை. கூர்மையான மூலைகளில் ஓடிவந்த மந்தை குவிந்து நசுங்கும். மூலையை வளைவாக்கப் பணமில்லை என்றால், உள்பக்கம் குறுக்காக மூங்கில் தட்டி வைத்து மூலையை மறைத்துவிடுங்கள்.

மோதல் எந்த இரவில் நடந்தது என்பதையும் பாருங்கள். தீபாவளி இரவும், சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் தீ கோங் வழிபாட்டுக்காக வெடி முழங்கும் நேரமும் பினாங்கில் மான் வளர்ப்பவர் உறங்கக் கூடாத இரவுகள். நான் அந்த இரவுகளுக்கு இரண்டு நாள் முன்பே மந்தையை நடுவில் உள்ள மறைப்புக் கொட்டகைக்குப் பழக்கி, தழைகளை நிறையப் போட்டு, கொட்டகையில் மங்கலான ஒரு விளக்கும் வானொலியும் வைத்துவிடுவேன். வானொலிப் பேச்சு முன்பே பழகியிருந்தால் வெடியோசை அவ்வளவு திடுக்கிட வைப்பதில்லை. பக்கத்து வீட்டார்களிடம் முன்கூட்டியே சொல்லி, நம் வேலியை ஒட்டி வெடிக்காமல் சாலைப்பக்கம் வெடிக்கக் கேட்டுக்கொள்வது எதையும்விட நல்ல பலன் தருகிறது. நான் கேட்டவர்களில் ஒருவர்கூட மறுத்ததில்லை.

*முழங்காலுக்குக் கீழே மயிர் இருந்தால்*

மழையில் மண் அரித்து வேலியடியில் இடைவெளி விழுந்திருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இதை வாராவாரம் பார்க்க வேண்டும். சங்குல் (மண்வெட்டி) எடுத்து மண்ணைத் தள்ளி, அதன் மேல் கல்லோ பழைய செம்பனைத் துண்டோ போட்டு இறுக்குங்கள். நாயும் அதே வழியாகத்தான் நுழையும்.

*கம்பியில் மயிரே இல்லாமல் மான் வெளியே போயிருந்தால்*

தாண்டியிருக்கிறது. வேலி ஏழடிக்குக் குறைவாக இருந்தால் காரணம் அதுதான், எட்டடி இருந்தால் நிம்மதி. உயரம் சரியாக இருந்தும் தாண்டியிருந்தால், வேலியின் மேல் சாய்ந்த மட்டையையோ, வெளியே விழுந்து கம்பியைத் தாழ்த்திய கிளையையோ, உள்பக்கம் வேலியை ஒட்டிக் குவித்த மண்மேட்டையோ தேடுங்கள்.

வெளியே போன மானைத் துரத்த வேண்டாம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. மோட்டார் சைக்கிளில் இரண்டு இளைஞர்கள் ஒரு பெண்மானைச் செம்பனைக்குள் முக்கால் மணி நேரம் விரட்டிப் பிடித்துக் கொண்டுவந்து தந்த அனுபவம் எனக்கு உண்டு. பிடித்தபோது அது உயிரோடுதான் இருந்தது. மறுநாள் பின்னங்கால்கள் விறைத்து எழ முடியாமல் கிடந்தது, சிறுநீர் கோப்பி நிறத்தில் போயிற்று, மூன்றாம் நாள் இறந்தது. அளவுக்கு மீறி ஓடிய மானுக்குத் தசை உள்ளேயே சிதைந்து போவதால் வரும் சாவு இது. மந்தை உள்ளே இருக்கும்வரை தப்பியது அதைச் சுற்றியே திரியும். பிரதான கதவை மட்டும் திறந்து, உள்ளே இருப்பவை வெளியேறாமல் ஒரு தடுப்பு வைத்து, வழக்கமான வாளி ஓசையோடு தீனி போட்டுவிட்டு விலகுங்கள். பெரும்பாலும் இரவுக்குள் வந்துவிடும். நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டால் மட்டும் போலீசுக்கும் கால்நடைத் துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ஓடி வந்த மானுக்குக் கால் விறைப்போ கறுத்த சிறுநீரோ கண்டால் அந்த நொடியே மருத்துவர்.

அறிகுறி 3: புல் நிறைய இருக்கிறது, மான் மெலிகிறது

முதுகெலும்பு வரிசையாகத் தெரிய ஆரம்பித்தால் மூன்று நாள் காத்திருக்காமல் சோதனையைத் தொடங்குங்கள்.

முதலில் புல்லை வயிற்றுக்கணக்கில் பாருங்கள். பச்சைப் புல்லாக ஒரு மானுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு நாள்தோறும் வேண்டும் என்று நான் கணக்கு வைப்பேன். அறுபது கிலோ பெண்மானுக்கு ஆறு கிலோ. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் நிலத்தில் பாதி லாலாங் எனும் களைப்புல்லாக இருந்தால் அது நிலத்தை மூடுகிறதே தவிர மானை ஊட்டுவதில்லை. நேப்பியர் தீவனப்புல்லை எட்டு வாரம் தாண்டி வெட்டினால் தண்டு தண்டாக மிஞ்சும், இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுப் போகும். தொட்டியடியில் மிஞ்சியதை எடுத்து ஒடித்துப் பாருங்கள். கரும்பு போல் ஒடிந்தால் வெட்டு தாமதம்.

அடுத்து புழுக்கையைப் பாருங்கள். நல்ல மானின் புழுக்கை தனித்தனி மணியாக, பளபளப்பாக இருக்கும். ஒட்டிக் குழம்பாக இருந்தால் தீனி மாற்றம் திடீரென நடந்திருக்கலாம். விருந்தினர் ரொட்டியும் சோறும் போட்டார்களா என்று கேளுங்கள், ஏனென்றால் மாவுப்பொருள் ஒரே நாளில் நிறையப் போனால் மானின் வயிறு புளித்துவிடும். குறைந்த அளவில் தொடங்கிப் பத்து நாளில் ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

புழுக்கை சரியாகவும் மான் மெலிந்தும் இருந்தால், இரண்டைச் சந்தேகிக்கிறேன். ஒன்று பிளாஸ்டிக். உரப்பையின் நூலும், வேலி கட்டிய நைலான் கயிறும், காற்றில் பறந்து வந்த பையும் வயிற்றுக்குள் உருண்டையாகி வழியை அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை நிலத்தில் பிளாஸ்டிக் பொறுக்குவது எங்கள் வீட்டில் பிள்ளைகளின் வேலை. உரத்தையே நக்கினாலும் ஆபத்து. யூரியா சிந்திய இடத்தில் ஒரு மான் ஒரு வேளை நக்கினாலும் போதும், சில மணி நேரத்தில் இழக்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் உரம் போடும் நாள்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வேலியோரப் புல்லை அந்த வாரம் மேயவிடாதீர்கள்.

இரண்டாவது குடற்புழு. தாடையின் கீழே தண்ணீர்ப் பை போல் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்து, உங்கள் கீழ் இமையின் உள்நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மானுடையது தாள் போல் வெளுத்திருந்தால் புழு இரத்தத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். புழு மருந்தைக் கண்ணால் கணித்து ஊற்றாதீர்கள். புழுக்கை மாதிரியைச் சுத்தமான பையில் சேகரித்து, அன்றே குளிர்ப்பெட்டியில் வைத்துக் கால்நடைத் துறை அலுவலகத்தில் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகு எந்த மருந்து, எவ்வளவு என்று மருத்துவர் சொல்லுவார். பிறகு மேய்ச்சலை இரண்டு மூன்று பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வாரம் ஓய்வு கொடுத்தால், மருந்துச் செலவு குறையும்.

இவை யாவும் தீர்ந்தும் மெலிவு தொடர்ந்தால், மூட்டு வீக்கமோ இருமலோ சேர்ந்து வந்தால், மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் உள்ளிட்ட நோய்களை மருத்துவர் பார்க்க வேண்டும். தாழ்வான, நீர் தேங்கும் நிலத்தில் நாமும் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் கடுமை. சேற்றில் இறங்கப் பூட்ஸும் கையுறையும் வேண்டும் என்பதை வேலையாள்களிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அறிகுறி 4: நிலம் சேறாகிறது, புல் முளைப்பதில்லை

தொட்டியும் தண்ணீரும் ஒரே இடத்தில் நிற்பதே முதல் காரணம். மாதம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஒரு சிறு சேற்றுக்குளம் மட்டும் ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் இவை சேற்றில் புரளும் இனம், அதை முற்றிலும் வறட்டினால் உண்ணியும் ஈயும் கூடும். வடிகால் வெட்டிய பிறகும் புல் பிடிக்காவிட்டால் மண்ணைச் சோதித்து, சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்ட பிறகே போடுங்கள்.

அறிகுறி 5: மரப்பட்டையை உரிக்கின்றன, ஆண்மான் ஆளை நோக்கி வருகிறது

கொம்பின் மேல் பட்டுப்போன்ற தோல் உரியும் பருவத்தில் ஆண்மான் மரத்தில் தேய்க்கும். தடிமனான மரத்துக்கு அதனால் சேதமில்லை, இளங்கன்றுகளுக்கு மட்டும் கம்பி வலைச் சுற்று போடுங்கள். எல்லா மரத்திலும் பட்டையைக் கடித்துத் தின்றால் தழையோ உப்போ குறைகிறது. மழை படாத இடத்தில் கனிம உப்புக்கட்டி ஒன்று வைத்து, தழைகளைக் கூட்டிப் பாருங்கள்.

தோல் உரிந்து கொம்பு கெட்டியாகிவிட்ட ஆண்மானோடு ஒரே வேலிக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆண்மான்தான் இதில் மிக ஆபத்தானது, ஏனென்றால் அதற்கு ஆளைக் கண்டு அச்சமே இல்லை. கையில் நீளமான பலகை இல்லாமல் நான் உள்ளே போவதில்லை. தோல் மூடியிருக்கும் பருவத்தில் கொம்பு அடிபட்டு இரத்தம் வந்தால் இரண்டே நாளில் புழு வைத்துவிடும். மானை மயக்கிப் பிடிக்காமல் அந்தப் புண்ணைத் தொட முடியாது, அது மருத்துவர் வேலை.

அறிகுறி 6: குட்டி பிறந்தது, அடுத்த நாள் காணவில்லை அல்லது இறந்துவிட்டது

சினைக்காலம் ஏறத்தாழ எட்டு மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. பிறந்த சில நாள்களுக்குத் தாய் அதைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டுத் தூரத்தில் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். தனியாகக் கிடக்கிறது என்று நினைத்துத் தூக்குவதுதான் பல குட்டிகளைக் கொல்கிறது. கன்று போடும் காலத்தில் ஒரு பாத்தியில் முழங்கால் உயரப் புல்லை வெட்டாமல் விட்டுவையுங்கள், அந்தப் பக்கம் யாரும் நடக்கக் கூடாது.

குட்டியே காணாமல் போனால் மலைப்பாம்பையோ நாயையோ சந்தேகியுங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு வரும் மலைப்பாம்பு, ஒரு குட்டியை விழுங்கிவிட்டு வேலியடியிலேயே படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பாம்பை அடிக்க வேண்டாம், பொதுத் தற்காப்புப் படையை அழைத்தால் பிடித்துச் செல்வார்கள். வேலியின் அடிப்பகுதியில் இரண்டடி உயரத்துக்கு நெருக்கமான வலை கட்டினால் குட்டியும் வெளியே போகாது, நாயும் உள்ளே வராது. தாய் பால்மடி கல்லாக வீங்கியிருந்தாலோ, குட்டி எழுந்து ஆறு மணி நேரத்துக்குள் பால் குடிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலோ மருத்துவரைக் கேளுங்கள்.

அறிகுறி 7: இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே தொலைபேசி

வாயில் நுரையோடு உமிழ்நீர் வழிந்து, வாய்க்குள்ளும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வந்து நொண்டினால் கோமாரியாக இருக்கலாம். 1953ஆம் ஆண்டின் கால்நடைச் சட்டத்தின்படி அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டிய நோய் அது. அறிவித்துவிட்டு மந்தையை அசைக்காதீர்கள், பக்கத்துக் கொட்டகைக்குப் போய்த் துணி மாற்றாமல் நிற்காதீர்கள்.

கடுங்காய்ச்சலோடு கண்கள் பால்போல் வெண்மையாகி, மூக்கும் கண்ணும் ஒழுகி, ஓரிரு நாளில் சாய்ந்தால், செம்மறியாடு அருகில் இருக்கிறதா என்று முதலில் நினைத்துப் பாருங்கள். செம்மறி எந்தக் குறியுமின்றிச் சுமக்கும் ஒருவகை ஹெர்பஸ் வைரஸ் மானுக்கு மாலிக்னன்ட் கேட்டரல் ஃபீவர் என்ற கொடிய நோயைக் கொண்டுவருகிறது. வந்த பிறகு காப்பாற்றுவது அரிது. ஆகவே மானும் செம்மறியும் ஒரே நிலத்திலோ வேலிக்கு வேலியாகவோ இருக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டும் சேர்த்து வளர்த்தால் வருமானம் கூடும் என்று சொல்பவர் எவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

நோய்க்குறி இல்லாமல் மான் திடீரென இறந்துகிடந்தால் அறுக்க வேண்டாம், இறைச்சிக்கு எடுக்கவே வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம். நிழலில் தார்ப்பாயால் மூடி, மற்ற மான்களையும் ஆள்களையும் விலக்கி, மருத்துவர் வந்து பார்க்கும்வரை அப்படியே வைத்திருங்கள். அழைக்கும்போது இவற்றைச் சொல்ல ஆயத்தமாக இருங்கள்: எத்தனை மான், எத்தனை நோயில், கடைசியாக என்ன தின்றது, எந்த நாள் புதுத்தீனி வந்தது, கடந்த இரண்டு வாரத்தில் வேலிக்கு வெளியே யார் என்ன தெளித்தார்கள், புதிதாக வாங்கி வந்த மான் எதுவும் உண்டா, அது எந்த நாளில் எந்தப் பக்கத்து வேலிக்கு அருகே நின்றது.